ஜெயிச்ச பிறகு என்ன?

ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாவது புத்தகம் 2007-ல் வந்தது. வில்லன் சாகும்போது ஹாரிக்கு 17 வயசு. அடுத்த அத்தியாயத்தைப் புரட்டினா 19 வருஷம் கழிச்சு, பிள்ளைகளை ரயில் ஏத்திவிடுற அப்பாவா நிற்கிறார். நடுவுல அவருக்கு ராத்திரி தூக்கம் வந்ததா, முதல் வேலைக்குப் போன அன்னிக்கு எப்படி இருந்தது, நாவல்ல அதெல்லாம் கிடையாது.

அந்த நடு வருஷங்களைத்தான் வெரோனிகா ராத் 2020-ல் ஒரு நாவலா எழுதினார். பெயர் 'சோசன் ஒன்ஸ்'. நம்ம வீட்டுப் பிள்ளைகள் பலர் படித்த 'டைவர்ஜென்ட்' எழுதினவரேதான். பெரியவங்களுக்காக அவர் எழுதின முதல் நாவல் இது. 'டைவர்ஜென்ட்' 2011-ல் வெளியானபோது அவருக்கே 22 வயசுதான். சின்ன வயசுல பெரிசா ஜெயிச்சவங்களைப் பற்றி இவ்வளவு உள்ளே போய் எழுத முடிந்தது அதனாலதானோ என்னவோ.

கதை இதுதான். 'இருண்டவன்' என்று ஒருத்தன் வட அமெரிக்க நகரங்களை அழிச்சிட்டு இருக்கான். அவனை வீழ்த்தக்கூடியவங்கன்னு ஒரு முன்னறிவிப்பை வைத்து அரசாங்கம் ஐந்து பதின்பருவப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்குது. அவங்களும் ஜெயிக்கிறாங்க. ஆனால் நாவல் தொடங்குவது அதற்குப் பத்து வருஷம் கழித்து, சிகாகோவில். ஊர் பழையபடி ஆயிடுச்சு, இந்த ஐந்து பேர் மட்டும் ஆகலை. ஒருத்தி சமூக ஊடகத்தில் பிரபலம். மேட், நல்ல பிள்ளைன்னு எல்லாரும் கொண்டாடுறவன், விழா விழாவா போய்ச் சிரிச்சிட்டு நிற்கிறான். கதாநாயகி ஸ்லோனுக்கோ எல்லார் மேலயும் எரிச்சல். போரிலிருந்து திரும்பினவங்களுக்கு வருகிற மாதிரியான மன அதிர்ச்சி, கெட்ட கனவுகள். அவள் உருப்படியா செய்கிற ஒரே காரியம், தன்னைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்த கோப்புகளைத் தகவல் அறியும் சட்டத்தில் கேட்டு வாங்குவது. சின்ன வயசுல தன்னை வைத்து என்ன முடிவெடுத்தாங்கன்னு வளர்ந்த பிறகு காகிதத்துல தேடுறா. எனக்கு ரொம்ப நேரம் மனசை விட்டுப் போகாத இடம் அது.

இதைப் படிக்கும்போது நம்ம வீடுகள் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. ஸ்பெல்லிங் பீ, கணித ஒலிம்பியாட், அரங்கேற்றம், செலக்டிவ் ஸ்கூல் நுழைவுத் தேர்வு. ஏழெட்டு வயசுலயே 'இவளுக்குத் தனித் திறமை இருக்கு' என்று சொல்லி, அதைச் சுற்றி வீட்டின் சனி ஞாயிறு முழுக்க அமையுது. என்னோட வேலை பார்க்கும் ஒரு பெண், நம்ம ஆளுதான், ஒருநாள் மதியச் சாப்பாட்டுல சொன்னா: "அண்ணா, பதினாலு வயசுல எனக்கு ஒரு ஹாலே எழுந்து கை தட்டுச்சு. இப்போ நல்ல வேலைதான், நல்ல சம்பளம்தான். ஆனா எங்க ஆன்ட்டிங்க எல்லாம் இன்னும் அந்த வருஷத்தைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துறாங்க." அவ பெற்றோர் யாரும் கெட்டவங்க இல்லை. மேடைக்குத் தயார் பண்ணாங்க, மறுநாள் காலைக்கு யாரும் எதுவும் யோசிக்கலை. எங்க தொழில்ல ரிலீஸ் அன்னிக்கு கேக் வெட்டுவோம், அதற்குப் பிறகு வருகிற அஞ்சு வருஷப் பராமரிப்புக்கு ஆள் போட மறந்துடுவோம். அதே கதைதான்.

நாவலின் முதல் பாதிதான் என்னைப் பொறுத்தவரை அசல் சரக்கு. ஐவரில் ஒருவரின் மரணத்துக்குப் பிறகு கதை இணை உலகம் ஒன்றுக்குத் தாவுது. அங்கே கையிலும் தொண்டையிலும் கருவி மாட்டி மந்திரம் போடுறாங்க. அது எப்படி இயங்குதுன்னு விளக்கும் பக்கங்கள் என்னை மாதிரி ஆட்களுக்குப் பிடிக்கும், மற்றவங்க வேகமா தாண்டிடலாம்.

'டைவர்ஜென்ட்' படித்த 12 வயசுப் பிள்ளைக்கு அதே எழுத்தாளர்தானேன்னு இதை வாங்கிக் கொடுத்துடாதீங்க. சித்திரவதை, போதை, மரணம் எல்லாம் வெளிப்படையா வருது. 16, 17 வயசுல, முடிந்தால் நீங்களும் கூடவே படிங்க. எங்க அக்கா மகளுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. அதனால புத்தகத்தை அக்காகிட்ட கொடுத்தேன். நாற்பது பக்கம் தாண்டியிருக்காங்க. அரங்கேற்றத்துக்கு ஹால் தேடிட்டு இருக்கிறதால மெதுவாத்தான் போகுதாம்.