கொக்கி எங்கேயும் நுழையும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் கார் பாடியை வெல்டிங் செய்ய ரோபோ உண்டு. செல்போன் பலகையில் கடுகளவு பாகத்தைப் பொருத்தவும் எந்திரம் உண்டு. கொக்கியால் பின்னும் குரோஷாவை மட்டும் இன்னும் கைதான் பின்னுகிறது. ஜவுளி ஆலைகளில் 'குரோஷே மெஷின்' என்று ஓடுவது வேறு வகைப் பின்னல் எந்திரம்.

ஸ்வெட்டர் பின்னலில் ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாம் ஊசிகளில் அணிவகுத்து நிற்கும். எந்திரத்துக்குத் தோதான வேலை. குரோஷாவில் ஒரு தையல் முடிந்ததும் கொக்கியில் மிஞ்சுவது ஒரே கண்ணி. அடுத்த தையலுக்கு, பின்னிய துணியிலேயே இடம் தேடி நுழைய வேண்டும். எந்திரம் திணறுவது இங்கேதான். கைக்கோ இதுவே வசதி: வரிசையை முடிக்காமல் திரும்பலாம், ஓரத்தில் குத்தலாம், துணியின் முதுகிலும் குத்தலாம். ஃப்ரீஃபார்ம் என்பது இந்தச் சுதந்திரம்தான்.

வண்ணப் பின்னல் நேரெதிர். கட்டத்தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு தையல். சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறுவதென்றால், கடைசிச் சிவப்புத் தையலைப் பாதியில், கொக்கியில் இரண்டு கண்ணி இருக்கும்போது நிறுத்தி, மஞ்சள் நூலால் இழுத்து முடிக்க வேண்டும். முழுதாக முடித்துவிட்டு மாற்றினால் மஞ்சள் தையலின் தலையில் சிவப்பு ஏறிக்கொள்ளும். சும்மா இருக்கும் நூலை வரிசையின் மேல் கிடத்தி, உள்ளேயே மறைத்துப் பின்னிக்கொண்டு போகலாம்.

இரண்டையும் சேர்க்கும்போது சிக்கல் வருவதும் அந்த மறைநூலால்தான். வண்ணப் பகுதி தடித்து, இழுபடாமல் போகும்; பக்கத்து ஃப்ரீஃபார்ம் துண்டு தொளதொளக்கும்; இணைப்பு சுருங்கும். வண்ணப் பகுதிக்கு அரை மில்லிமீட்டர் பெரிய கொக்கி எடுத்து, மறைநூலை அவ்வப்போது தளர்த்திவிட்டால் பெரும்பாலும் சரியாகும். பிறகு மஞ்சள் திட்டின் ஓரத்தில் ஒவ்வொரு துளையிலும் மூன்று தையல் போட்டுப் பாருங்கள்: இடம் போதாமல் துணி கோழிக்கொண்டையாக மடியும். 1997இல் கார்னெல் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் டைனா டைமினா இப்படித் தையலைக் கூட்டிக் கூட்டித்தான் அதிபரவளையத் தளத்தைக் கையில் தொடும்படி செய்துகாட்டினார். 2005இல் வெர்த்தைம் சகோதரிகள் அதே உத்தியைக் குரோஷாப் பவளப்பாறையாக வளர்த்தார்கள்.

சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு 11,148.5 சதுர மீட்டர் போர்வையால் கின்னஸ் சாதனை படைத்தது. பலர் பின்னிச் சேர்க்கும் போர்வையில் துண்டுகள் ஒரே அளவில் இருப்பது முக்கியம். ஃப்ரீஃபார்முக்கு அந்தக் கவலை இல்லை. உள்ளங்கையளவு துண்டுகளைக் கம்பெனி பஸ்ஸில்கூடப் பின்னி முடிக்கலாம். மேசையில் பரப்பி, நிறம் பார்த்து நகர்த்தி, பிடித்த இடத்தில் இணைக்கலாம். இடுக்கு விழுந்தால் மிச்ச நூலில் இன்னொரு துண்டு.