பல துறை படித்தவருக்கு மேற்படிப்பு எது?

பொருளியல், உளவியல், சுற்றுச்சூழல், கூடவே கொஞ்சம் புரோகிராமிங் என்று கலந்து படித்த பட்டதாரியிடம் உறவினர்கள் தவறாமல் கேட்பது, “சரி, உன் மேஜர் என்ன?” முதுநிலை சேர்க்கைக் குழுவும் அதையேதான் கேட்கிறது. அதனால் விண்ணப்பிக்கும் முன் மார்க் ஷீட்டை எடுத்து, எந்தப் பாடத்தில் எத்தனை தாள் முடித்திருக்கிறோம் என்று எண்ணிவிடுவது நல்லது. எங்கே விண்ணப்பிக்கலாம் என்பதைப் பெரும்பாலும் அந்தக் கணக்குதான் சொல்லும்.

எந்தப் பட்டமும் போதும்

சமூகப்பணி, வளர்ச்சி ஆய்வுகள், இதழியல், நிர்வாகம், சட்டம் ஆகியவை இந்த வகை. சென்னையில் 1952-ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், மும்பையில் 1936 முதல் இயங்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் ஆகியவற்றைப் பலரும் நாடுகிறார்கள். ஐ.ஐ.எம்.களுக்கான கேட் தேர்வையும் மூன்றாண்டு எல்.எல்.பி.யையும் எந்தத் துறைப் பட்டதாரியும் முயலலாம். மனம், மொழி, மூளை மூன்றையும் சேர்த்துப் படிக்க விரும்புவோருக்கு ஐ.ஐ.டி. காந்திநகரில் அறிதல் அறிவியல் எம்.எஸ்சி. இருக்கிறது.

கணிதம் இருந்தால்

கோட்டூர்புரம் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் எம்.ஏ., சிறுசேரி சென்னை கணிதவியல் கழகத்தின் டேட்டா சயின்ஸ் எம்.எஸ்சி. இரண்டிலும் கணிதம் பலமாக இருக்க வேண்டும். புள்ளியியலும் நிகழ்தகவும் முறையாகப் படித்தவருக்கு, பல துறை படித்த பழக்கம் இங்கே கூடுதல் பலம்.

பாடம் பார்க்கும் இடங்கள்

இயற்பியல், வேதியியல் போன்ற எம்.எஸ்சி.களில் கறார் அதிகம். ஐ.ஐ.டி.களுக்கான ஜாம் தேர்வில் நல்ல ரேங்க் வாங்கினாலும், குறிப்பிட்ட பாடத்தை இளநிலையில் எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்று சேர்க்கையில் பார்ப்பார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட்-பி.ஜி.யிலும் இதே கதைதான். தேர்வுத்தாள் ஒன்றாக இருந்தாலும் தகுதி விதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்.

ஆசிரியர் பணி கனவா?

இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். தமிழக அரசுப் பள்ளிகளில் முதுநிலை ஆசிரியராக இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். மாறினால் ‘கிராஸ் மேஜர்’ சிக்கல். பட்டத்தின் பெயர் வழக்கமானதாக இல்லாவிட்டால், அது எந்தப் பட்டத்துக்கு இணை என்ற கேள்வியும் எழும். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் பரிந்துரைத்து அரசு ஆணையாக வந்த இணைத்தன்மைப் பட்டியலில் உங்கள் பட்டம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

நான்காண்டு படித்தவர்கள்

தேசிய கல்விக் கொள்கை 2020-ஐ ஒட்டி நான்காண்டு ஆனர்ஸ் முடித்தவர்களுக்கு ஓராண்டு முதுநிலை உண்டு. 75 சதவீத மதிப்பெண் இருந்தால், யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி நேரடியாக பிஎச்.டி.க்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒரு துறையில் ஆழமான ஆய்வேடு இல்லாமல் நேர்காணலைத் தாண்டுவது கடினம்.

இதையெல்லாம் கடைசி செமஸ்டரில் யோசித்துப் பயனில்லை. நான்காவது செமஸ்டரிலேயே போக விரும்பும் மூன்று படிப்புகளின் தகுதி விதிகளை எடுத்துப் பாருங்கள். எந்தத் தாள் குறைகிறதோ, அதை அடுத்த விருப்பப்பாடமாக எடுங்கள். திட்டக்கட்டுரையையும் அதே துறையில் எழுதுங்கள். அப்புறம் மேஜர் என்ன என்று யார் கேட்டாலும் திணற வேண்டியிருக்காது.