மறக்காமல் வரவைக்கும் குறுஞ்செய்தி

வெளிநோயாளிப் பிரிவில் முன்பதிவு செய்தவர் வராமல் போனால், அந்த நேரம் யாருக்கும் உதவாமல் கழிகிறது. மருத்துவர் தயாராக இருப்பார். வாரக்கணக்கில் காத்திருக்கும் இன்னொரு நோயாளிக்கோ இடம் காலியானது தெரியாது. வராதவர்களில் பலர் அலட்சியக்காரர்கள் அல்லர், தேதியை மறந்தவர்கள். அவர்களுக்காகத்தான் மருத்துவமனைகள் நினைவூட்டும் குறுஞ்செய்திகளை அனுப்புகின்றன.

மருத்துவமனைக் கணினி முன்பதிவுப் பட்டியலைப் பார்த்து, குறித்த நாளுக்கு முன்பே செய்தியைத் தொலைபேசி நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்துக்கு அனுப்பிவிடும். நோயாளியின் கைபேசி அணைந்திருந்தால், மையம் அதைச் சேமித்து வைத்திருந்து பிறகு சேர்ப்பிக்கும். இதற்கு இணையம் வேண்டியதில்லை. பொத்தான் வைத்த பழைய கைபேசியே போதும்.

இதன் பலனை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. நினைவூட்டல் இல்லாதபோது 67.8 சதவீதம் பேர் வந்தார்கள். குறுஞ்செய்தி அனுப்பியபோது அது 78.6 ஆனது. தொலைபேசியில் அழைத்துச் சொன்னபோது 80.3. ஆனால், ஒவ்வொருவரையும் அழைத்துப் பேச ஆள் வேண்டும். குறுஞ்செய்திக்கு ஆகும் செலவோ மிகக் குறைவு.

அனுப்புவதோடு வேலை முடிவதில்லை, என்ன எழுதுகிறோம் என்பதும் முக்கியம். இதை லண்டனின் பார்ட்ஸ் ஹெல்த் மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2015இல் வெளியாயின. நாள், நேரம், இடம் சொன்ன வழக்கமான செய்தியைப் பெற்றவர்களில் 11.1 சதவீதம் பேர் வரவில்லை. பத்தில் ஒன்பது பேர் தவறாமல் வருகிறார்கள் என்று சேர்த்துச் சொன்னபோது 10 சதவீதம். நீங்கள் வராவிட்டால் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவைக்கு ஏறத்தாழ 160 பவுண்டு இழப்பு என்று தொகையைக் குறிப்பிட்டபோது 8.4 சதவீதமாக இறங்கியது. தொகையைச் சொல்லாமல், பணம் வீணாகும் என்று பொதுவாக எழுதியது அந்த அளவுக்குப் பலன் தரவில்லை என்பது அடுத்த சோதனையில் தெரிந்தது.

தமிழில் எழுதும்போது இன்னும் சிக்கனம் தேவை. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 குறிகள் கிடைக்கும். தமிழுக்குக் கிடைப்பவை 70 மட்டுமே. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால், ஆறெழுத்துச் சொல்லான ‘மருத்துவர்’ பத்து இடங்களை எடுத்துக்கொள்ளும். எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து போகும், செலவும் ஏறும்.

ஆகவே வணக்கமும் வாழ்த்தும் குறையட்டும். நாள், நேரம், இடம் தெளிவாக இருக்கட்டும். வர முடியாதவர் அழைத்துச் சொல்ல ஓர் எண்ணும் கட்டாயம் இருக்கட்டும். அந்த எண்ணில் அழைத்து ஒருவர் விட்டுக்கொடுக்கும் நேரத்தில்தான் இன்னொருவருக்குச் சிகிச்சை கிடைக்கும்.