குளத்து தண்ணீர் கெட்டுப்போச்சா? மஞ்சள் தூளே சொல்லிடும்!
மாணவர்கள் கரையில் நின்றே சோதித்துப் பார்க்கலாம்

செய்யாறு:
விடிகாலையில் குளத்தில் மீன்கள் செத்து மிதந்தால், "யாரோ மருந்து கலந்துட்டாங்க" என்றுதான் ஊரில் முதலில் பேச்சு கிளம்பும். ஆனால் எல்லா நேரமும் அது உண்மை இல்லை. தண்ணீரை சோதித்தால் காரணம் ஓரளவு பிடிபடும். 2001-ல் தொடங்கிய தேசிய பசுமைப்படை திட்டத்தில் உள்ள பள்ளிகள் மாணவர்களை ஏரி, குளத்துக்கு கூட்டிச் சென்று பாடம் நடத்துவதும் இதற்குத்தான்.

7-தான் நடு

தண்ணீரின் புளிப்பு, காரத் தன்மையை பி.எச். என்ற எண்ணால் குறிக்கிறார்கள். 7 என்றால் நடுநிலை. அதற்கு கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். எலுமிச்சை சாறு 2-க்கு பக்கம், சோப்பு தண்ணீர் 9, 10 வரை இருக்கும். குடிநீர் 6.5 முதல் 8.5-க்குள் இருக்க வேண்டும் என்பது இந்திய தர அளவு.

ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும். 7-ல் இருந்து 5-க்கு இறங்கினால் 100 மடங்கு. ரெண்டு நம்பர்தானே என்று அலட்சியம் கூடாது.

பட்டும் தண்ணீரும்

ஆரணி பட்டு பேர் போனது. ஆனால் கச்சா பட்டு நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு பசைதான். அதை எடுக்க சோப்பு, சலவை சோடா போட்டு வேக வைப்பார்கள். இந்த தண்ணீர் காரம். அடுத்து சாயம் ஏற்றும்போது அசிட்டிக் அமிலம் சேர்ப்பார்கள். இந்த தண்ணீர் அமிலம். சுத்திகரிக்காமல் வாய்க்காலில் விட்டால் குளம்தான் அடி வாங்கும். நீர்நிலையில் விடும் கழிவுநீர் 5.5-க்கு கீழேயும் 9-க்கு மேலேயும் போகக் கூடாது என்பது விதி.

சோதிப்பது எப்படி?

லிட்மஸ் தாள் இருந்தால் நல்லது. நீலத்தாள் சிவந்தால் அமிலம். சிவப்புத்தாள் நீலமானால் காரம். தாள் இல்லாவிட்டால் வீட்டு மஞ்சள் தூள் போதும். காரத் தண்ணீர் பட்டால் மஞ்சள் செந்நிறமாக மாறும். ஆனால் அமிலத்தை மஞ்சள் காட்டாது. அதற்கு செம்பருத்தி பூவை வெந்நீரில் ஊற வைத்த சாறு வேண்டும். அமிலத்தில் அடர் இளஞ்சிவப்பு ஆகும், காரத்தில் பச்சை ஆகும்.

காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை பார்க்க வேண்டும். பாசி நிறைந்த குளத்தில் பகலில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பி.எச். ஏறும். ராத்திரியில் பாசியும் மீனும் சேர்ந்து ஆக்சிஜனை தீர்த்துவிடும். விடிகாலையில் மீன் மேலே வந்து வாய் பிளப்பது இதனால்தான். சாக்கடை கலந்து பாசி பெருகிய குளத்தில் மருந்து கலக்காமலே மீன் சாகும்.

தண்ணீரை யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஆழம் தெரியாத குளத்தில் பிள்ளைகள் இறங்கவே கூடாது. ஆசிரியர் வாளியில் மொண்டு கொடுக்க வேண்டும்.

7 காட்டினால் மட்டும் போதாது

திருப்பூர் பக்கம் நொய்யல் ஆற்றில் 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல், சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனது. அங்கே பெரிய வில்லன் உப்பு. உப்பை லிட்மஸ் தாள் காட்டாது. விவசாயிகள் பல ஆண்டு கோர்ட்டு படி ஏறிய பிறகு, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது குறிப்பிடத்தக்கது.

அதனால் பி.எச். சரியாக இருந்தாலும் தண்ணீரில் நிறம், நுரை, நாற்றம் இருந்தால் விடக் கூடாது. தேதி, நேரம், இடம், காட்டிய நிறம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மாதம் ஒரு தடவை எழுதிய நோட்டு ஒரு வருஷம் சேர்ந்தால் அதுவே ஊருக்கு ஆதாரம். அதை மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடமோ, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலோ மனுவோடு கொடுக்கலாம். வெறும் வாய் பேச்சை விட பிள்ளைகள் எழுதிய நோட்டுக்கு பலம் அதிகம்.