பல் கம்பியும் ஊதுகருவியும்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் கோயில் விழாக்களில் நாதசுவரம் கேட்டு வளரும் பிள்ளைகளுள் சிலர் அதனைக் கற்கவும் விரும்புவர். பற்களைச் சீராக்கக் கம்பி பொருத்தியதும், இனி ஊத இயலாதோ என்று கலங்குவர். கலக்கம் வேண்டா.

இடர் கருவிக்குக் கருவி வேறுபடும். புல்லாங்குழல் வாய்க்குள் செல்வதில்லை. கீழுதட்டின் ஓரத்தில் பொருந்தி நிற்கும். ஆதலால் துன்பம் குறைவு. நாதசுவரத்தின் சீவாளி நாணல் தட்டையால் ஆனது. அதனை உதடுகளே கவ்விப் பிடிக்கின்றன. ஏ.கே.சி. நடராசன் கருநாடக இசை வாசித்த கிளாரினெட்டில் கீழுதடு பற்களின்மேல் மடியும். அவ்விடத்தில் கம்பி உரசும். டிரம்பெட்டுதான் மிகக் கடினம். அதன் கிண்ண வாய் உதடுகளைப் பற்களோடு அழுத்துகிறது.

மருத்துவர் தரும் மெழுகைச் சிறிது உருட்டி, உறுத்தும் கம்பியின்மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் சிறிது நேரம் ஊதி, ஓய்வு கொள்ளுங்கள். உதடு புண்பட்டால் வெதுவெதுப்பான உப்புநீரால் வாய் கொப்பளிக்கலாம். கம்பியை இறுக்கிய நாளில் பல் வலிக்கும். அன்று துளைகளில் விரல் நகர்த்திப் பழகலாம், பாடத்தை வாய்விட்டுப் பாடலாம். நம் இசை மரபில் வாய்ப்பாட்டே கருவிப் பயிற்சிக்கு அடிப்படை அன்றோ!

கம்பியைக் கழற்றிய பின்னும் உதட்டின் பிடி மாறும். அப்போது சில நாள்கள் நீண்ட சுரங்களையே மெல்ல ஊதிப் பழகுதல் நன்று.