எக்ஸ்ரேயில் தெரியும் அரிவாள்

குழந்தை இரண்டு வாய் பால் குடிக்கும். மூச்சு வாங்கும். மார்பை விட்டுவிட்டு அழும். நெற்றியெல்லாம் வேர்த்துப்போயிருக்கும். மூன்று மாதமாகியும் எடை ஏறியிருக்காது. பார்க்கிறவர்கள் நெஞ்சுச்சளி என்பார்கள், மாந்தம் என்பார்கள். மருந்து கொடுத்தால் கொஞ்சம் தேறும். பத்து நாளில் பழையபடி இரைக்கும்.

இப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வெறும் சளிதான். மிக அரிதாக ஒரு குழந்தைக்கு, கருவிலேயே இதயமும் நுரையீரலும் தவறாக இணைந்திருக்கும். அப்படி ஒரு கோளாறுதான் சிமிட்டார் சிண்ட்ரோம். லட்சம் பிறப்புகளில் ஒன்று முதல் மூன்று குழந்தைகளுக்கு வரலாம் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு.

சிமிட்டார் என்பது மேற்காசியாவின் வளைந்த வாள். நம் பக்கத்தில் கண்டுபிடித்திருந்தால் அரிவாள் என்றே பெயர் வைத்திருப்பார்கள். மார்பு எக்ஸ்ரேயில், இதயத்தின் வலது ஓரமாக வளைந்து கீழே இறங்கும் ஒரு நிழல். அந்த நிழல் ஒரு ரத்தக்குழாய்; போகக்கூடாத இடத்துக்குப் போகும் குழாய்.

குருவிகுளத்துக் கரிசலில் கிணற்றுப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மோட்டார் இறைத்த தண்ணீர் வயலுக்குப் போகாமல், வாய்க்கால் உடைந்து திரும்பக் கிணற்றிலேயே விழுந்தால் என்ன ஆகும்? மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், பயிர் வாடும். நுரையீரலில் சுத்தமான ரத்தம் இதயத்தின் இடப்பக்கம் சேர்ந்து உடம்புக்குப் போக வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கு வலது நுரையீரலின் ரத்தம் கீழ்ப்பெருஞ்சிரையில் கலந்து, இதயத்தின் வலப்பக்கமே திரும்பிவிடுகிறது. வலது நுரையீரலும் சிறுத்திருக்கும். அதனால் இதயம் வலப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். பலருக்கு மகாதமனியிலிருந்து ஒரு கூடுதல் தமனி நேராக அந்த நுரையீரலுக்குள் பாய்வதும் உண்டு. பிஞ்சு நுரையீரலின் ரத்தக்குழாய்களில் அழுத்தம் எகிறுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

1836இல் கூப்பர், சாசினா என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே இதை எழுதிவைத்தார்கள். ‘சிமிட்டார்’ என்ற பெயரைப் பரப்பியது 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து கேத்தரின் நீல் குழுவினர் வெளியிட்ட கட்டுரை.

ஏமாற்றக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. இந்தக் குழந்தை பெரும்பாலும் நீலம் பாரிக்காது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி நல்ல அளவையே காட்டலாம். பச்சிளம் குழந்தையின் எக்ஸ்ரேயில் அந்த அரிவாளைச் சாய்ந்த இதயமே மறைத்துவிடும். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தால்தான் சந்தேகம் வலுக்கும், சி.டி. ஸ்கேன் அதை உறுதிசெய்யும்.

வளர்ந்த பிறகு தற்செயலாகத் தெரியவருகிறவர்களில் பலருக்குத் தொந்தரவே இருப்பதில்லை. கைக்குழந்தையிலேயே இரைப்பு தொடங்கினால் கதை வேறு. கூடுதல் தமனியைக் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் மூலம் சிறு சுருள் வைத்து அடைக்கலாம். வழிதவறிய குழாயை இடது மேலறைக்குத் திருப்பிவிடும் அறுவை சிகிச்சையும் உண்டு. எது, எப்போது என்பதை இதய மருத்துவர் குழு முடிவுசெய்யும்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பிறவிக் கோளாறுகளையும் கண்டறிய 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னாலே முதல் கதவு திறந்துவிடும்.

தாய்மார்கள் செய்யக்கூடியது ஒன்று. குழந்தை அழாமல் தூங்கும்போது ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60ஐத் தொட்டாலோ, அதற்கு மேல் ஒரு வயது வரை 50ஐத் தொட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சளி திரும்பத் திரும்ப வந்தால் “எக்கோ பார்க்கணுமா டாக்டர்?” என்று கேளுங்கள். பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கிப் போட்டுவிடாமல், எல்லாவற்றையும் பையில் எடுத்துப்போங்கள். ஒவ்வொரு படத்திலும் இதயம் வலப்பக்கமே சாய்ந்திருந்தால், அதை டாக்டர் கவனிக்க அந்தப் படங்கள்தான் உதவும்.