தள்ளிப்போட்ட மராமத்து, வீட்டுக்குக் குறைந்தது 80 ஆயிரம் டாலர்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், மயாமிக்கு வடக்கே கடலை ஒட்டி இருக்கிறது சர்ஃப்சைட் என்ற சிற்றூர். அங்கிருந்த சாம்ப்ளெயின் டவர்ஸ் சவுத் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத் தலைவர், 2021 ஏப்ரல் 9 அன்று வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கட்டடத்தின் கான்கிரீட் வேகமாகச் சிதைந்து வருகிறது, 2018 சோதனையில் பார்த்ததைவிட நிலைமை மோசம், மராமத்துக்கு 1 கோடியே 50 லட்சம் டாலர் வேண்டும் என்பது அதன் சாரம். ஒற்றைப் படுக்கையறை வீட்டின் பங்கு 80,190 டாலர். உச்சியில் இருந்த பென்ட்ஹவுஸுக்கு 3,36,135 டாலர். மொத்தமாகக் கட்டலாம் அல்லது 15 ஆண்டுத் தவணையில் கட்டலாம். கெடு ஜூலை 1.

அந்தக் கெடு வரவே இல்லை. ஜூன் 24 அதிகாலை ஒன்றரை மணிக்குச் சற்று முன்பு, 12 மாடிக் கட்டடத்தில் ஏறக்குறைய பாதி சரிந்து விழுந்தது. தூக்கத்தில் இருந்தவர்கள் உட்பட 98 பேர் மாண்டுபோனார்கள்.

இந்த விபத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கான்கிரீட்டைப் பற்றியே பேசுகிறார்கள். கான்கிரீட்டுக்கு இணையாக இதில் பங்கு வகித்தது சங்கக் கூட்டத்தின் ஓட்டெடுப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நடந்தது புரியும்.

முதலில் கான்கிரீட். 1981இல் கட்டிய அந்தக் குடியிருப்பில் நீச்சல் குளத்தைச் சுற்றியிருந்த திறந்த தளத்துக்கு நேர் கீழே கார் நிறுத்துமிடம். தளத்தின் மேல் போட்ட நீர்க்காப்புப் பூச்சுக்கு வாட்டம் கொடுக்காமல் சமமாகப் போட்டுவிட்டார்கள். மொட்டை மாடிக்குத் தட்டோடு பதிக்கும் எந்தக் கொத்தனாரும் செய்யாத தவறு இது. மழைநீர் ஓடி வடிய வழியில்லை. வெயிலில் காய்ந்தால்தான் உண்டு. காப்புப் பூச்சு கெட்டதும் தண்ணீர் மெல்ல உள்ளே இறங்கியது. கடலோரக் காற்றின் உப்பு வேறு.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் உப்பும். அது தின்னும் இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைத் துரு பிடித்துக்கொள்ளும். அந்த நெருக்குதலில் கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கும். வெளியே முதலில் தெரிவது ஒரு பழுப்புக் கறை, உப்புப் பூத்தாற்போல் வெள்ளைக் கோடு, மயிரிழை விரிசல். அந்த இடத்தைச் சுத்தியலால் தட்டினால் ‘ணங்’ என்று கேட்க வேண்டிய சத்தம் ‘டொக்’ என்று உள்ளே காலியானதுபோல் கேட்கும். பிறகு ஒருநாள் பூச்சு பெயர்ந்து, உள்ளே கம்பி எலும்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். வெளியே வந்த விரிசல் சிறிதாக இருப்பதாலேயே உள்ளே நடப்பதும் சிறிது என்று நினைத்துவிடுகிறோம்.

2018 அக்டோபரில் அந்தத் தளத்தைச் சோதித்த பொறியாளர், நீர்க்காப்பு பாழாகி அடியில் இருக்கும் கான்கிரீட்டுக்குப் பெரும் சேதம் நேர்ந்திருப்பதாக எழுதிக்கொடுத்தார். அவர் போட்ட மதிப்பீடு ஏறக்குறைய 91 லட்சம் டாலர். அடுத்த மாதமே, ஊராட்சியின் கட்டட அதிகாரி சங்கக் கூட்டத்துக்கு வந்து கட்டடம் நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று சொன்னதாகக் கூட்டக் குறிப்பு சொல்கிறது. எதை நம்புவது? செலவில்லாத பதிலைத்தான் மனசு நம்பும்.

இனி ஓட்டெடுப்பு. வீட்டின் உள்பக்கம் ஒருவருக்குச் சொந்தம். தூண், தளம், கூரை, குழாய் எல்லாம் பொதுவில் எல்லோருக்கும் சொந்தம். நம் ஊரில் கார்பஸ் ஃபண்டு என்கிறோமே, அதுபோல் பெரிய மராமத்துக்கு என்று அங்கும் ஒரு கையிருப்பு நிதி வைக்க வேண்டும். ஆனால், ‘இந்த ஆண்டு முழுதாகச் சேர்க்க வேண்டாம்’ என்று உரிமையாளர்கள் ஓட்டுப் போட்டே தவிர்த்துக்கொள்ள அன்றைய ஃப்ளோரிடா சட்டம் இடம் கொடுத்தது. ஆண்டுதோறும் புதிதாக ஓட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான்.

சாம்ப்ளெயினின் நிதிநிலையை 2020இல் ஆராய்ந்தபோது, இருக்க வேண்டியது 1 கோடியே 3 லட்சம் டாலர் என்று கணக்கு வந்தது. கையில் இருந்தது 7 லட்சத்துச் சொச்சம். நூற்றுக்கு ஏழுகூட இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரைக் கோடி டாலரை 136 வீடுகளுக்கும் சமமாகப் பிரித்து, அதைக் கட்டடத்தின் 40 வயதுக்கும் மாதாமாதம் பரப்பினால் வீட்டுக்கு 230 டாலர். வட்டி, விலைவாசி எல்லாம் சேர்க்காத தோராயம்தான். ஆனாலும் அந்த 230 டாலரை யாரும் கேட்காததால்தான் 80 ஆயிரம் டாலர் ஒரே கடிதத்தில் வந்து விழுந்தது.

உரிமையாளர்களைக் குற்றம் சொல்வது எளிது. எனக்கு மனம் வரவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் முதியவரும், நாலு வருஷத்தில் விற்றுவிட்டுப் போகப்போகிறவரும், அங்கேயே கடைசிவரை இருக்க நினைப்பவரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து கை தூக்குகிறார்கள். 20 ஆண்டு கழித்து வரும் செலவுக்கு இன்றைக்குப் பணம் கேட்கும் சங்க நிர்வாகி சம்பளம் வாங்குகிறவர் அல்ல. மாலையில் லிஃப்ட்டில் அதே முகங்களைப் பார்க்க வேண்டிய அண்டை வீட்டுக்காரர். மராமத்துத் தகராறு முற்றி, 2019இல் ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் ஐந்து பேர் பதவியை விட்டே போனார்கள்.

விழுவதற்குச் சில நிமிடங்கள் முன்பு வெளியிலிருந்து ஒருவர் எடுத்த வீடியோ இருக்கிறது. கார் நிறுத்துமிடத்தின் வாசல் வழியாகத் தெரிகிறது: கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, தரையெல்லாம் கான்கிரீட் துண்டுகள். குளத்துத் தளம்தான் முதலில் விழுந்தது என்பதை அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்டின் விசாரணையும் சொல்கிறது. அந்தத் தளத்தின் வடிவமைப்பே அன்றைய கட்டட விதிகள் கேட்ட பலத்தை எட்டவில்லை என்றும், பிறகு அதன்மேல் பூந்தொட்டிச் சுவர்களின் பாரம் ஏறியது என்றும் அது கண்டறிந்தது. ஆகவே பழி முழுக்கச் சங்கத்தின் தலையில் விழாது. ஆனால் தளத்தைத் தோண்டி மராமத்து பார்க்கத் தொடங்கியிருந்தால், அதன்மேல் இருந்த பாரமாவது இறங்கியிருக்கும்.

2022 மே மாதம் ஃப்ளோரிடா சட்டத்தை மாற்றியது. மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள குடியிருப்புகளுக்கு 30 வயதானால் கட்டாயச் சோதனை. கடலோரமென்றால் 25 வயதிலேயே என்றது அந்தச் சட்டம். கூரை, தூண், நீர்க்காப்பு போன்றவற்றுக்கான நிதியை ஓட்டுப் போட்டுத் தவிர்க்கும் வழி அடைக்கப்பட்டது. 40 ஆண்டு பாக்கி ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றது. மாதச் சந்தா தாங்காமல் பழைய குடியிருப்புகளில் வீட்டை விற்க முயன்றவர்கள் பலர். அதனால் 2025இல் சட்டம் கொஞ்சம் நெகிழ்ந்தது: நிதிக்குப் பதில் சங்கம் கடன் ஏற்பாடு செய்துகொள்ளலாம், சோதனை முடித்த குடியிருப்பு மராமத்துக்காக நிதி சேர்ப்பதைச் சில காலம் நிறுத்திவைக்கலாம். முதியவர்களுக்கு இந்த மூச்சுவிடும் இடம் தேவைதான். அது பழைய ஓட்டெடுப்பாக மாறிவிடக் கூடாதே என்ற பயமும் எனக்கு இருக்கிறது.

சாம்ப்ளெயினின் 2018 அறிக்கையைச் சர்ஃப்சைட் ஊராட்சி பொதுவில் வெளியிட்டது கட்டடம் விழுந்த பிறகுதான். இப்போது ஃப்ளோரிடாவில் சோதனை அறிக்கையின் சுருக்கத்தை ஒவ்வொரு உரிமையாளருக்கும் அனுப்ப வேண்டும். வீடு வாங்க வருகிறவரிடம் கொடுக்க வேண்டும். குடியிருப்பில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டியும் வைக்க வேண்டும்.